இலவசப் பயிற்சிக்காக இழக்கும் கூலியை யார் தருவது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சித் தலைவர்களுக்கும், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது பாலக்கோட்டில் வசிக்கிறேன். பணியில் இருந்த காலத்தில் என்னிடம் வந்தவர்கள் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்த பிள்ளைகள். ஓய்வுக்குப் பிறகு என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் வயதில் இருப்பவர்கள். பெங்களூரில் பல ஆண்டுகள் கம்பி கட்டி முதுகு தேய்ந்தவர், ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக லேத் ஓட்டி, கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரம் வந்ததும் வெளியே அனுப்பப்பட்டவர், பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு ஒரு வேலைக்குப் போகலாம் என்று எண்ணும் பெண்கள். இவர்கள் எல்லோரும் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். "சார், இந்த வயசுல நான் புதுசா ஒண்ணு கத்துக்க முடியுமா?" என்பது முதல் கேள்வி. முடியும் என்பதற்கு என் பணிக்காலம் முழுவதுமே சான்று என்பதால் அதற்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். "கத்துக்கிற வரைக்கும் வீட்டுச் செலவுக்கு என்ன பண்றது?" என்பது இரண்டாவது கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்களின் திறன் பயிற்சியில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. 2025 ஜூலையில் தொடங்கிய 'வெற்றி நிச்சயம்' திட்டம் பயிற்சிக் கட்டணத்தை அரசே ஏற்பதோடு 12,000 ரூபாய் வரை ஊக்கத்தொகையும் தருகிறது. ஒன்றிய அரசின் திறன் பயிற்சித் திட்டமான பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து இலவசமாகவே கற்றுத் தருகின்றன. இவ்வளவும் இருந்தும், முப்பத்தைந்தைத் தாண்டி ஏற்கெனவே ஏதோ ஒரு வேலையில் இருப்பவர், அந்த வேலையில் ஒரு படி மேலே ஏற வேண்டும் என்று நினைத்தால் அவருக்கு ஏற்ற கதவு எளிதில் கிடைப்பதில்லை. இந்தத் திட்டங்களில் பலவும் பள்ளி, கல்லூரியை விட்டு வெளியே வந்து முதல் வேலை தேடும் இளைஞரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை என்பதே இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். பென்னாகரம் பக்கத்துக் கொத்தனார் ஒருவருக்கு நாள் கூலி 800 ரூபாய் என்றும், மாதத்தில் 24 நாள் வேலை கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று மாத முழுநேரப் பயிற்சியில் அவர் சேர்ந்தால் இழக்கும் கூலி 57,600 ரூபாய். பயிற்சி இலவசம் என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கலாம், ஆனால் அவருடைய வீட்டுக் கணக்கில் அந்தப் பயிற்சியின் விலை 57,600 ரூபாய்தான். ஊக்கத்தொகை முழுவதும் ஒரு ரூபாய் குறையாமல் கைக்கு வந்தாலும் மீதி 45,600 ரூபாய்க்கு அவர் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். அப்பா அம்மா சோறு போடும் இருபது வயதுப் பையனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குடும்பத்துக்குச் சோறு போடுகிறவருக்கோ இதைத் தவிர வேறு கணக்கே கிடையாது. மானியம் என்பது பயிற்சி நிறுவனத்துக்குச் செலுத்தப்படும் கட்டணம் மட்டுமே என்ற எண்ணத்தை நாம் மாற்றிக்கொள்ளாத வரையில், பெரியவர்களுக்கான வகுப்பறைகளில் பாதி நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும்.

பயிற்சி நாட்களில் இழக்கும் கூலியை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்குத் தையூரில் நடத்தப்படும் திறன் பயிற்சியில், பயிற்சி நாளுக்கு 800 ரூபாய் வீதம் வேலை இழப்பீடாகத் தருவதாக அறிவித்தார்கள். நான் அறிந்தவரை உழைக்கும் மனிதரின் நிலையைப் புரிந்துகொண்டு எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவுகளில் அதுவும் ஒன்று. ஆனால் தையூர் சென்னைக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. ஏரியூரிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ ஒருவர் அங்கே போய்த் தங்கிப் படிப்பது எல்லோருக்கும் ஆகிற காரியம் அல்ல. அதே இழப்பீட்டை, அதே முறையில், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நடக்கும் பயிற்சிக்குத் தர வேண்டும் என்பதும், கட்டுமானத் தொழிலாளர்களோடு நிறுத்தாமல் பதிவு பெற்ற எல்லா அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் அதை விரிவாக்க வேண்டும் என்பதுமே என்னுடைய முதன்மையான கோரிக்கை.

இழப்பீடு எத்தனை நாளுக்கு என்ற கேள்வி உடனே எழும். நிதித் துறையினர் அதைத்தான் முதலில் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அனுபவசாலிக்கு நீண்ட பயிற்சி தேவையில்லை என்பதே என் பதில். அதை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன்.

காரிமங்கலம் சாலையில் இரு சக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை எனக்கு நீண்ட காலமாகத் தெரியும். வண்டி தூரத்தில் வரும்போதே சத்தத்தை வைத்து வால்வா, செயினா, கிளச்சா என்று சொல்லிவிடுவார். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டில் உள்ள அடைப்பை ஊதி எடுத்து, காற்றுத் திருகைக் கால் சுற்றுத் திருப்பி, எஞ்சின் சீராக ஓடும் இடத்தைக் காதாலேயே கண்டுபிடிக்கும் கை அவருடையது. 2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு வெளிவந்த புது வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே கிடையாது. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும், அதை இயக்கும் கணினிப் பெட்டியும், நாலைந்து சென்சார்களும் வந்துவிட்டன. அடுத்து மின்சார ஸ்கூட்டர் வந்தது. டிவிஎஸ் ஐகியூப்பும் ஏத்தரும் ஓசூரில் தயாராகின்றன, ஓலாவின் பெரிய தொழிற்சாலை போச்சம்பள்ளி அருகே நிற்கிறது. நாடெங்கும் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பகுதி கிருஷ்ணகிரி மாவட்டத்து மண்ணிலிருந்து போகும்போது, அந்தத் தொழிற்சாலைகளிலிருந்து சிறிது தூரத்தில் பட்டறை வைத்திருப்பவர், மின்சார ஸ்கூட்டர் வந்து நின்றால் பஞ்சர் ஒட்டுவதையும் பிரேக் இறுக்குவதையும் தவிர வேறொன்றும் செய்ய முடியாமல் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவைக்கிறார்.

அவருக்கு என்ன தெரிய வேண்டும்? மல்டிமீட்டரை வைத்து மின்னழுத்தத்தையும் தொடர்ச்சியையும் அளக்கத் தெரிய வேண்டும். லித்தியம் பேட்டரிப் பெட்டியருகே வேலை செய்யும்போது மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைப்பது, காப்புறை போட்ட கருவிகளை மட்டும் கையாள்வது, எந்தப் பெட்டியை எந்நிலையிலும் திறக்கக் கூடாது என்பது போன்ற பாதுகாப்பு முறைகள் பழக்கமாக வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்துப் போகும் கனெக்டர்களைச் சோதித்துச் சுத்தம் செய்யவும், கோளாறுக் குறியீட்டைப் படித்து, குறை வயரிங்கிலா, கன்ட்ரோலரிலா, மோட்டாரிலா என்று பிரித்தறியவும் வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள அவரைப் போன்ற ஒருவருக்கு இரண்டு வாரம் போதும். ஆனால் விசாரித்துப் போனபோது அவருக்குக் காட்டப்பட்டது, ஸ்பேனர் வகைகளை அடையாளம் காண்பதிலிருந்து தொடங்கும் பல மாத முழுநேர வகுப்பு. அதிலும் வயது கடந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தெரிந்ததை மீண்டும் கற்பிப்பதற்குச் செலவாகும் அரசுப் பணத்தையும், அதற்காக அவர் கடையை மூடி இழக்கும் வருமானத்தையும் கூட்டிப் பார்த்தால், இரண்டு வாரத்துக்கு நாளொன்றுக்கு 800 ரூபாய் இழப்பீடு தருவது மிகச் சிறிய தொகை என்பது விளங்கும்.

ஏற்கெனவே கற்றதை அங்கீகரித்துச் சான்று தரும் ஏற்பாடு ஒன்றிய அரசுத் திட்டத்தில் இருக்கிறது. அது நல்ல தொடக்கம்தான். ஆயினும் நடைமுறையில் அது சிறிய அறிமுக வகுப்பு, ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ் என்று முடிந்துவிடும்போது, தெரிந்தது தெரியும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததோடு சரி. தெரியாத பகுதி எது என்று கண்டறிந்து, அந்தப் பகுதியை மட்டும் பத்து, பதினைந்து நாளில் கற்றுத்தரும் இணைப்புப் பயிற்சிதான் நடுவயதுத் தொழிலாளிக்குத் தேவை. கொத்தனாருக்குக் கட்டட வரைபடம் படிப்பதும் அளவெடுத்து மதிப்பீடு போடுவதும், வயர்மேனுக்குச் சூரிய மின்தகடு பொருத்துவது, பழைய லேத் தொழிலாளிக்குச் சி.என்.சி. நிரல் எழுதுவது, வீட்டில் தையல் மெஷின் மிதிக்கும் பெண்ணுக்கு ஆடைத் தொழிற்சாலை மின் இயந்திரம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் இணைப்புப் பாடத்தை வகுக்க முடியும். தேர்வும் எழுத்துத் தேர்வாக இல்லாமல் செய்துகாட்டும் தேர்வாக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவரை டேப்லெட்டில் கேள்விகளைப் படித்து விடையைத் தொடச் சொன்னால் அவருடைய தொழில் திறன் அதில் வெளிப்படாது.

வயது வரம்பைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 'வெற்றி நிச்சயம்' திட்டமும், ஊரக இளைஞர்களுக்கான ஒன்றிய அரசின் தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவும், சில பிரிவினருக்குத் தளர்வு தந்தாலும், பொதுவாக 35 வயதோடு நிற்கின்றன. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆண்களுக்கு 40 வரை, பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை என்பது இவற்றைவிடத் தாராளமான விதி. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே கலைஞர் கைவினைத் திட்டம் வந்து, 25 வகைக் கைவினைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 25 சதவீத மானியமும் தருகிறது. கைவினைஞருக்கு 35 வயதில் கதவைத் திறந்த அதே அரசு, தொழிற்சாலையையும் கட்டுமானத்தையும் நம்பி வாழ்பவருக்கு அதே வயதில் கதவை மூடுவதற்குத் தக்க காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 55 வயது வரை என்று ஒரே அரசாணையில் இதைச் சரி செய்துவிடலாம்.

பயிற்சியின் காலத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சென்னையிலிருந்து திட்டமிடுகிறவர்களுக்கு எளிதில் தெரியாத செய்தி அது. நம் இரு மாவட்டங்களிலும் வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடுவதில்லை. கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் சுற்று வட்டாரத்தில் மாங்கூழ் ஆலைகள் மாம்பழப் பருவத்தில் இரவு பகலாக ஓடும், ஆடி பிறந்து காய் ஓய்ந்தால் அங்கே வேலை பார்த்த பெண்களில் பலர் வீட்டில் இருப்பார்கள். மாசி, பங்குனியில் புளி உலுக்கி வந்தால் ஊர் ஊராகப் பெண்கள் திண்ணையில் அமர்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள், அப்போது பயிற்சிக்குக் கூப்பிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி பறிப்பு மும்முரமாக இருக்கும் வாரங்களிலும் அப்படியே. பெங்களூரிலும் கேரளத்திலும் கட்டட வேலைக்குப் போனவர்கள் பொங்கலுக்கும், ஊர்த் திருவிழாவுக்கும், ஆடிப் பெருக்குக்கும்தான் ஊரில் இருப்பார்கள். வந்தால் சில நாட்களாவது தங்குவார்கள். இந்த ஓய்வுக் காலங்களை ஒட்டி, வட்டாரத்துக்கு ஒன்றாக ஒரு பயிற்சி நாட்காட்டியை உங்கள் அலுவலகங்கள் தயாரிக்க வேண்டும். வேளாண்மை, தோட்டக்கலைத் துறைகளின் வட்டார அலுவலர்களைக் கேட்டால் ஒரே நாளில் விவரம் கிடைத்துவிடும். நிதியாண்டு முடிவதற்குள் இலக்கை முடிக்க வேண்டும் என்று பிப்ரவரி, மார்ச்சில் அவசர அவசரமாகத் தொடங்கும் வகுப்புகள், புளியும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வந்து நிற்கின்றன என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அன்றாடம் வேலை இருப்பவருக்கு மாலையும் ஞாயிற்றுக்கிழமையும் தவிர வேறு நேரம் கிடையாது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை ரூ.2,877 கோடியில் நவீனப்படுத்தும் திட்டத்தின் கீழ், நான் பணியில் சேர்ந்த காலத்தில் கற்பனை செய்திராத இயந்திரங்கள் பயிற்சி நிலையங்களுக்கு வந்திருக்கின்றன. ரோபோ கையும், பல அச்சு சி.என்.சி. இயந்திரமும், மின்வாகனப் பயிற்சிக் கூடமும் பகல் வகுப்பு முடிந்தவுடன் பெரும்பாலும் பூட்டப்பட்டுவிடுகின்றன. மாலை ஆறு முதல் ஒன்பது வரையிலும் ஞாயிறு முழுவதும் அவற்றைத் திறந்து வைப்பதற்கு மின் கட்டணமும், ஒரு காவலரும், மதிப்பூதியத்தில் பயிற்றுநர்களும் இருந்தால் போதும். ஓய்வு பெற்ற பயிற்றுநர்களில் பலர் முன்வருவார்கள், நானும் வருவேன். ஓசூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்துவரும் மூத்த தொழிலாளிகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு இன்றைய இயந்திரங்களை எங்களில் பலருக்கே தெரியாது.

பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓசூர் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான இளம் பெண்களுக்கு வேலை தந்திருப்பது இந்த வட்டாரத்தின் குடும்பங்களில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியிருக்கிறது. ஆனால் அந்தப் பெண்களின் அம்மாக்கள், சித்திகள், அக்காமார்கள் அந்த வாசலுக்குப் போனால் வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அவர்கள் பயிற்சிக்கு வர வேண்டுமென்றால் மையம் பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான், கோட்டப்பட்டியிலிருந்து தருமபுரிக்கு வர வேண்டுமென்றால் புறநகர்ப் பேருந்தில் காசு கொடுத்துத்தான் வர வேண்டும். போகவர ஆகும் செலவையும், பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தையும் கணக்கிட்டாலே பலர் அந்த எண்ணத்தை விட்டுவிடுகிறார்கள். வட்டாரத் தலைமையிடத்தில் இருக்கும் அரசுப் பள்ளிக் கட்டடத்திலோ மகளிர் சுய உதவிக் குழுக் கட்டடத்திலோ, காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை, சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயாவோடு வகுப்பு நடத்தினால் இடம் போதாமல் போகும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

பயிற்சி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கும் முறையிலும் ஒரு திருத்தம் தேவை. பல திட்டங்களில் தலைக்கு, மணிக்கு இவ்வளவு என்று தொகை வழங்கப்படுகிறது, சிலவற்றில் அதன் கடைசிப் பகுதி வேலைவாய்ப்பு கிடைத்ததைப் பொறுத்தது. ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஒருவர் பயிற்சி முடித்து அதே வேலையில் கூடுதல் கூலி வாங்கினால், அதை வேலைவாய்ப்பாகக் காட்டுவது நடைமுறையில் எளிதல்ல. எனவே நிறுவனங்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குகின்றன. பெரியவர்களைப் பொறுத்தவரை "வேலை கிடைத்ததா" என்பதற்குப் பதிலாக "ஆறு மாதத்துக்குப் பிறகு வருமானம் எவ்வளவு கூடியது" என்பதே அளவுகோலாக வேண்டும். ஒன்றிய அரசுத் திட்டத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, சான்று பெற்றவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே வேலை கிடைத்ததைக் காட்டியது. எண்ணிக்கையை நிரப்புவதற்காக நடத்தப்படும் வகுப்புகள் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

இந்த வட்டாரத்தில் தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. சான்று பெற்று வரும் தொழிலாளிக்கு எத்தனை ரூபாய் கூடுதல் ஊதியம் தரப்படும் என்பதை முன்கூட்டியே அறிவிக்கும்படி நீங்கள் அவர்களை அழைத்துக் கேட்க வேண்டும். கூடுதல் கூலி இல்லையென்றால் சான்றிதழ் சுவரில் தொங்குவதோடு சரி. மின்வாகன நிறுவனங்கள், கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவியையும் அதன் விவரங்களையும் சான்று பெற்ற வெளிப் பட்டறைகளுக்கும் நியாயமான விலையில் தர வேண்டும் என்று வலியுறுத்த வேண்டும். அது இல்லாமல் நான் மேலே சொன்ன நண்பருக்கு எவ்வளவு நல்ல பயிற்சி தந்தாலும் பாதி வேலைதான் கைவரும்.

பணத்துக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். கிருஷ்ணகிரியில் கிரானைட் குவாரிகளிலிருந்து பணம் சேரும் மாவட்டக் கனிம அறக்கட்டளை மாவட்ட ஆட்சித் தலைவரின் தலைமையிலேயே இயங்குகிறது. 2015-இல் வந்த பிரதம மந்திரி கனிமப் பகுதி நலத் திட்டம், அந்த நிதியை முன்னுரிமையோடு செலவிட வேண்டிய துறைகளில் திறன் மேம்பாட்டையும் சேர்த்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, சமூகப் பொறுப்பு நிதியைத் தொழிற்கல்விக்குச் செலவிட இடம் தருகிறது. ஓசூரைச் சுற்றி அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பெரிய நிறுவனங்கள் எத்தனை என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். தொழிலாளர் நல வாரியங்களின் நிதி வேறு இருக்கிறது. சிங்கப்பூரில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024-இல் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதல் பயிற்சிக் கணக்கு வைத்துக் கொடுத்தார்கள். முழுநேரம் படிப்பவர்கள் இழக்கும் ஊதியத்தில் ஒரு பகுதியை, மாதம் 3,000 வெள்ளி வரை, 2025 முதல் உதவித்தொகையாகத் தருகிறார்கள். அந்த அளவுக்கு நம்மால் முடியாது என்பதை நான் அறிவேன். நடுவயதில் கற்பவருக்குக் கட்டணத்தோடு கூலியையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்ற அந்த அணுகுமுறையை நாம் எடுத்துக்கொள்ளலாம், தையூரில் அதைத்தான் செய்தோம்.

ஆகவே, உங்கள் தலைமையில் கூடும் மாவட்டத் திறன் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் மாவட்டத்துக்கு ஒரு வட்டமாகப் பென்னாகரத்திலும் போச்சம்பள்ளியிலும் தொடங்கலாம். பென்னாகரத்தில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும், போச்சம்பள்ளியில் வாகனப் பட்டறைக்காரர்களுக்கும், 15 நாள் இணைப்புப் பயிற்சி, நாளொன்றுக்கு 800 ரூபாய் இழப்பீடு, வயது வரம்பு 55 என்று வைத்து, வரும் ஆடி, ஆவணியில் நடத்திப் பாருங்கள். இழப்பீட்டுத் தொகையைப் பயிற்சி முடிந்த பிறகு மொத்தமாகத் தராமல், வாரக் கூலிபோலச் சனிக்கிழமைதோறும் வங்கிக் கணக்கில் வரவு வையுங்கள், ஏனென்றால் மளிகைக் கடைக்காரர் பயிற்சி முடியும் வரை பொறுத்துக்கொள்ள மாட்டார். பாடத்திட்டம் எழுதவும், பயிற்றுநர்களைத் திரட்டவும், பட்டறை பட்டறையாகச் சென்று ஆட்களைச் சேர்க்கவும் என்னைப் போன்ற ஓய்வு பெற்ற பயிற்றுநர்கள் ஊதியம் எதுவும் எதிர்பார்க்காமல் உடன் நிற்கத் தயாராக இருக்கிறோம். கூட்ட நாளைத் தெரிவித்தால், இணைப்புப் பாடங்களின் வரைவோடு நேரில் வருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.